தீயில் கலங்காத நீலம்

பழனி மலைத்தொடரில் மனிதர் மண்ணைச் சுட்டுச் செய்து புழங்கிய பொருள்களை ஆராய முற்படுவோர்க்குக் காலத்தால் மிக விலகி நிற்கும் இரு வகைக் கலங்கள் எதிர்ப்படுகின்றன. ஒன்று, கீழ்ப் பழனியின் பாச்சலூருக்கு அப்பால் தாண்டிக்குடிப் பக்கத்துப் பெருங்கற்காலச் சின்னங்களைச் சார்ந்த கறுப்பு-சிவப்புப் பானை. மற்றொன்று, 19ஆம் நூற்றாண்டில் இம்மலைகளில் குடியேறிய பாதிரிமார், அதிகாரிகள், காபித் தோட்டக்காரர் ஆகியோரின் பங்களாக்களில் புழங்கிய, வெள்ளைப் பரப்பில் நீலச் சித்திரம் பதித்த ஆங்கிலப் பீங்கான். முன்னதன் காலச் சூழலைச் செண்பகனூர் சேசு சபைத் துறவியரான ஆங்லாட், நியூட்டன் இருவரும் ஆராய்ந்து, பழனி மலைக் கற்திட்டைகளைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது; பேராசிரியர் கா. ராஜன் தாண்டிக்குடியில் அகழாய்வும் நடத்தியிருக்கிறார். பின்னதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. அது பழம்பொருள் கடையில் தூசு படிந்து கிடக்கும் தட்டு என்ற அளவிலேயே நின்றுவிட்டது. ஆனால் இவ்விரு கலங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சூளைக்குள் நிறம் எப்படிப் பிறக்கிறது என்ற ஒரே கேள்விக்கு அவை இரண்டு வேறு விடைகளைச் சொல்கின்றன.

பெருங்கற்காலக் குயவரின் விடை இரும்பு. நம் நாட்டுக் களிமண்ணில் இரும்பு ஆக்சைடு தாராளமாக உண்டு. சூளையில் காற்று தடையின்றி ஓடினால் இரும்பு ஆக்சிஜனோடு முழுமையாகச் சேர்ந்து செந்நிறம் தருகிறது. காற்று அடைபட்டுப் புகை மண்டினால் ஆக்சிஜன் குறைந்து, கரித்துகளும் படிந்து, அதே மண் கறுக்கிறது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உட்புறமும் வாய் விளிம்பும் காற்றுப் படாமல் கறுப்பாகவும், வெளிப்புறம் சிவப்பாகவும் ஆகின்றன என்பது இவ்வகைப் பானைக்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இது உயர்ந்த கைத்திறன்தான் என்றாலும், நிறம் முழுவதும் சூளையின் மூச்சைச் சார்ந்திருக்கிறது. செம்பும் அப்படியே: காற்றுள்ள சூளையில் பச்சை தரும் செம்பு, காற்றில்லாத சூளையில் சிவப்புக்கு மாறிவிடும். மெல்லிய கோடுகளால் மரமும் மாளிகையும் வரைந்து, ஆயிரக்கணக்கான தட்டுகளில் ஒரே நிறத்தைப் பெற விரும்பும் தொழிலுக்கு இத்தகைய மாறும் இயல்புடைய உலோகங்கள் உதவா. அத்தொழிலுக்கு வேண்டியது, காற்று கூடினாலும் குறைந்தாலும், 1000 பாகை செல்சியஸுக்கு மேல் போனாலும் தன் நிறத்தை விடாத ஒரு பொருள். அதுவே கோபால்ட்.

கோபால்ட் அணு இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் உருகிய கண்ணாடிக்குள் கரையும்போது, அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்முக வடிவில் அமர்ந்துகொள்கின்றன. இந்த அமைப்பில் கோபால்ட்டின் எலக்ட்ரான்கள் ஒளியின் பச்சை கலந்த மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பகுதிகளை உறிஞ்சிவிடுவதால் எஞ்சிய நீலம் மட்டும் கண்ணுக்கு வருகிறது. அதே அணுவை ஆறு அண்டை அணுக்கள் சூழ்ந்தால் நிறம் வெளிறிய இளஞ்சிவப்பாகிவிடும். பள்ளி ஆய்வகத்தில் ஈரம் பட்டால் இளஞ்சிவப்பாகவும் உலர்ந்தால் நீலமாகவும் தோன்றும் கோபால்ட் குளோரைடு தாள் இந்த மாற்றத்தையே காட்டுகிறது. கண்ணாடியில் அப்படி மாற வழியில்லை. மேலும், நான்முக அமைப்பில் உறிஞ்சும் திறன் மிக வலுவானதாக இருப்பதால், நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவான கோபால்ட் ஆக்சைடே கண்ணாடியை ஆழ்ந்த நீலமாக்கப் போதுமானது. விலை உயர்ந்த கனிமத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த இது வழிசெய்தது.

இந்தப் பண்பை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர்கள் ஆங்கிலேயர் அல்லர். பாரசீகத்திலிருந்து வந்த கோபால்ட்டைக் கொண்டு சீனத்தின் ஜிங்டெஜென் நகரக் குயவர் 14ஆம் நூற்றாண்டிலேயே நீல-வெள்ளைப் பீங்கானை வணிகச் சரக்காக்கினர். தமிழகக் கரையும் அந்த வணிகத்துக்கு அயலாக இருக்கவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் சில்லுகளை ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்துள்ளனர். இங்குக் கவனிக்கத்தக்க வேதியியல் குறிப்பு ஒன்று உண்டு. பாரசீகக் கோபால்ட்டில் மாங்கனீசு குறைவு, சீனத்து உள்ளூர்க் கோபால்ட்டில் அது மிகுதி, ஜெர்மனியின் சாக்சனிச் சுரங்கக் கோபால்ட்டிலோ நிக்கல், ஆர்சனிக் போன்றவற்றின் தடம் இருக்கும். ஆகவே எக்ஸ் கதிரை வீசி, திரும்பி வரும் கதிரின் ஆற்றலால் தனிமங்களை அறியும் கையடக்கக் கருவியைப் பரப்பின் மேல் வைத்தால், சில்லைச் சுரண்டாமலேயே அதன் நீலம் எந்தச் சுரங்கத்துக்கு உறவு என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

சீனப் பீங்கானின் மற்றொரு இரகசியம் அதன் மண். கருங்கல் வகைப் பாறைகளில் உள்ள பெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் நெடுங்காலம் நீரால் அரிக்கப்பட்டு, பொட்டாசியத்தையும் சிலிக்காவின் ஒரு பகுதியையும் இழந்து, கயோலின் என்னும் வெள்ளைக் களிமண்ணாகிறது. பழனி மலையின் சார்னோக்கைட் பாறையும் இவ்வாறே சிதைந்தாலும், அதிலுள்ள இரும்பு உடன் தங்கி மண்ணைச் செம்மண்ணாக்கிவிடுகிறது. பாச்சலூர்க் காபிச் செடிக்கு அது நல்லது, பீங்கானுக்கு ஆகாது. தமிழ்நாட்டில் வெள்ளைக் களிமண் கிடைக்கும் நெய்வேலி, விருத்தாசலம் வட்டாரத்தில்தான் பிற்காலத்தில் பீங்கான் தொழில் நிலைகொண்டது. இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் இம்மண் இருப்பதை வில்லியம் குக்வொர்த்தி என்ற மருந்து வணிகர் 1740-களில் கண்டறிந்து, 1768இல் பீங்கான் செய்யும் உரிமமும் பெற்றார். எனினும் பெரும்பாலான நீல-வெள்ளைத் தட்டுகள் அந்த உண்மைப் பீங்கானால் ஆனவை அல்ல. ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்துக் குயவர்கள் தெற்கு இங்கிலாந்தின் களிமண்ணோடு சுட்டு அரைத்த சிக்கிமுக்கிக் கல்லைக் கலந்து, வெளிர்நிறமுள்ள மண்கலம் செய்யக் கற்றிருந்தனர். அதன் உடல் நுண்துளை நிறைந்தது. உடைந்த விளிம்பை நாவில் தொட்டால் ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். கடையில் பீங்கான் என்று விற்கப்படும் பழைய ஆங்கிலத் தட்டுகளில் மிகப் பல இந்த மண்கலங்களே. சூரியனுக்கு நேரே பிடித்தால் கை நிழல் ஊடுருவித் தெரியும் போன் சைனா, அதாவது எலும்புச் சாம்பல் ஏறத்தாழப் பாதியளவு சேர்த்துச் செய்யப்படும் வகை, முற்றிலும் வேறு.

மண்கலத்தின் குறை அதன் மஞ்சள் சாயல். அதன்மேல் பூசப்படும் மெருகு, அதாவது நீர் புகாதபடி பரப்பை மூடும் கண்ணாடிப் படலம், ஈயம் கலந்தது. அதுவும் சற்று மஞ்சளே. ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவரான ஜோசையா வெட்ஜ்வுட் 1779இல் இதற்கு ஒரு மாற்றைக் கொண்டுவந்தார்: மெருகிலேயே இம்மியளவு கோபால்ட்டைக் கலந்துவிடுவது. வெளுத்த வேட்டிக்கு நீலம் போடுவது போன்ற உத்தி இது. மஞ்சளை நீலம் விழுங்க, கண்ணுக்கு வெண்மை கூடித் தெரிகிறது. முத்து வெள்ளை என்று அழைக்கப்பட்ட இந்தக் கலங்களைக் கவிழ்த்து, அடியிலுள்ள வளையத்தின் ஓரத்தைப் பார்த்தால், மெருகு தேங்கிக் கெட்டியான இடங்களில் மட்டும் இளநீலம் நிற்பதைக் காணலாம். 1780 முதல் 1830 வரையிலான கலங்களை இனம்காண உதவும் சான்றுகளில் இதற்கு இணையாக நம்பத்தக்கவை சில மட்டுமே. எந்த முத்திரையையும்விட இதைப் போலியாக்குவது கடினம்.

இனி அச்சுக்கு வரலாம். இத்தொழிலின் உயிர் அதில்தான் இருக்கிறது. லிவர்பூல் நகரின் ஜான் சாட்லர், கை கிரீன் இருவரும் 1756இல் ஆறு மணி நேரத்துக்குள் 1200க்கும் மேற்பட்ட ஓடுகளில் சித்திரம் அச்சிட்டதாக உறுதிமொழி அளித்தனர். அவர்களது அச்சு மெருகின் மேலே படிந்தது, எனவே கத்தியும் முள்கரண்டியும் பட்டால் தேய்ந்துபோகும். அச்சை மெருகின் அடியில் வைத்துவிட்டால் தேய்மானம் இல்லை. ஆனால் மெருகு உருகும் வெப்பத்தை அந்தச் சாயம் தாங்க வேண்டும், உருகிய மெருகில் கலைந்துவிடவும் கூடாது. மெருகடி அச்சை வொர்செஸ்டர், காஃப்லி ஆலைகள் மென்மையான பீங்கானில் செய்துகாட்டிய பின், ஸ்டோக் நகரத்து முதலாம் ஜோசையா ஸ்போட் ஏறத்தாழ 1784இல் மண்கலத்துக்கும் அதைச் செம்மைப்படுத்தினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி.

முறை இது. செதுக்குவோர் செப்புத் தகட்டில் சித்திரத்தைக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் வெட்டுகிறார். ஆழமாக வெட்டிய இடத்தில் மை கூடுதலாகத் தங்கும், அங்கே நீலம் அடர்ந்து தோன்றும். கோபால்ட் ஆக்சைடைக் காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் முதலியவற்றோடு குழைத்துச் சூடேற்றிய தகட்டில் தேய்த்து, மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்தெடுத்தால், பள்ளங்களில் மட்டும் மை நிற்கிறது. சோப்பு நீரில் நனைத்த மெல்லிய டிஷ்யூ தாளை அதன்மேல் வைத்து அழுத்தினால் சித்திரம் தாளுக்கு ஏறுகிறது. தாளைக் கத்தரித்து, ஒருமுறை மட்டும் சுடப்பட்டு இன்னும் மெருகு காணாத தட்டின்மேல் ஒட்டி, கெட்டியான தூரிகையால் அழுந்தத் தேய்த்தால், நுண்துளைகள் எண்ணெய் மையை இழுத்துக்கொள்கின்றன. பின் தட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தாளைக் கழுவியெடுக்க, நீரோடு ஒட்டாத மை மட்டும் தட்டில் தங்கிவிடும். அடுத்து 700 பாகையளவில் ஒரு சூடு, எண்ணெயை எரிப்பதற்கு. எண்ணெய் எஞ்சியிருந்தால் மெருகுக் குழம்பு அங்கே ஒட்டாது. அதன்பின் மெருகில் முக்கியெடுத்து, சுடுமண் பெட்டிகளில் அடுக்கி, 1050 பாகையளவில் கடைசிச் சூடு. செப்பு வேலைப்பாடு, தாள், சோப்பு, எண்ணெய், மூன்று சூளைகள் என இத்தனையும் கடந்து ஒரு தட்டு வெளிவரும்போது, தன்மேல் நடந்தவற்றின் தடயங்களை எல்லாம் அது சுமந்தே வருகிறது.

அந்தத் தடயங்களை வாசிக்கத் தெரிந்தவரே உண்மையான சேகரிப்பாளர். நேரான தாளை வளைந்த விளிம்பில் ஒட்ட நேர்ந்ததால், கரைச் சித்திரம் ஓரிடத்தில் சேராமல் பூவின் பாதி காணாமல் போயிருக்கும், அல்லது ஒரு கொடி மற்றொன்றின்மேல் ஏறி நிற்கும். இந்தத் தையல் கையால் தாள் ஒட்டப்பட்டதற்குச் சான்று. இக்காலத்து இயந்திர அச்சில் அது காணப்படுவதில்லை. சூளைப் பெட்டிக்குள் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க மூன்று கூர்முனைத் தாங்கிகளை இடையில் வைத்ததால், பின்புற விளிம்பில் மூன்று இடங்களில் சிறு தழும்புகள் இருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். சித்திரத்தில் கோடுகள் மட்டுமே இருந்தால் அது பெரும்பாலும் முற்காலத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் புள்ளிகளால் நிழல் காட்டும் வேலை பெருகியது. உருவெல்லை கலங்கி நீலம் புகை போலப் பரவியிருந்தால் அது குறையன்று. சூளைப் பெட்டிக்குள் அம்மோனியம் குளோரைடு போன்ற உப்பை வைத்துக் கோபால்ட்டை ஆவியாகும் குளோரைடாக்கி, வேண்டுமென்றே மெருகுக்குள் நீலத்தை ஓடவிட்ட வகை அது. விக்டோரியா காலத்தில் இதற்குப் பெரும் மோகம் இருந்தது. கூர்மையான கோட்டுக்காக அரை நூற்றாண்டு பாடுபட்டவர்களின் பேரர்கள் அதைக் கலைப்பதற்குக் காசு கொடுத்தார்கள் என்பது இரசனையின் விந்தைகளில் ஒன்று.

முத்திரைகளைப் பற்றிச் சற்று எச்சரிக்கையோடு பேச வேண்டும், ஏனெனில் கடைக்காரர்களின் கதைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பின்புறத்தில் 1770 என்றோ 1793 என்றோ எண் அச்சாகியிருந்தால் அது பெரும்பாலும் நிறுவனம் தொடங்கப்பட்ட ஆண்டே தவிர, தட்டு செய்யப்பட்ட ஆண்டு ஆகாது. சாய்சதுர வடிவப் பதிவு முத்திரை 1842 முதல் 1883 வரை வழங்கியது. அதன் உச்சியிலுள்ள வட்டத்தில் ரோமன் எண் 4 இருந்தால் மண்கலம், பீங்கான் வகை என்று பொருள். 1884 முதல் அதன் இடத்தில் தொடர் எண்கள் வந்தன. இவை சித்திரம் பதிவான நாளைக் குறிப்பவை. அதே சித்திரத்தை அதற்குப் பிறகு முப்பது ஆண்டு அச்சிட்டிருக்கவும் கூடும். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயரைக் கோரியதால், ‘இங்கிலாந்து’ என்ற சொல் தனித்துக் காணப்படும் தட்டு பொதுவாக அதற்குப் பிந்தியது. ‘இங்கிலாந்தில் செய்யப்பட்டது’ என்று முழுதாக எழுதும் வழக்கமோ பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முத்திரையே இல்லாத தட்டை ஒதுக்குவதும் தவறு, ஏனெனில் 1830க்கு முந்தைய நல்ல வேலைப்பாடு பலவும் பெயரின்றியே வெளிவந்தன.

சித்திரங்களின் மூலத்தைத் தேடினால் தமிழ்நாட்டு வாசகர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரு ஓவியர்கள் 1792இல் திருச்சி, மதுரை முதலிய ஊர்களுக்கு வந்து, மலைக்கோட்டையையும் திருமலை நாயக்கர் மகாலின் சிதைவுகளையும் வரைந்து சென்றனர். 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளியான அவர்களது 144 நிறப்படங்கள் ஆங்கிலச் செல்வர் வீடுகளில் புகழ்பெற்றன. குயவர்கள் அப்படங்களைத் தயக்கமின்றி எடுத்துக்கொண்டார்கள். லிவர்பூலின் ஹெர்குலேனியம் ஆலை வெளியிட்ட இந்தியக் காட்சித் தொடரில் மதுரைக் கோட்டைக் காட்சியும் ஒன்று. கொடைக்கானலில் ஆங்கிலேயர் வீடு எதுவும் எழும்புவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, அம்மலைக்குக் கீழே சமவெளியிலுள்ள மதுரை இங்கிலாந்தின் சாப்பாட்டு மேசையில் நீலத்தில் அச்சாகிக் கிடந்தது. ஸ்போட் ஆலை இன்னொரு வழியில் போயிற்று. தாமஸ் வில்லியம்சன் என்ற வங்காளப் படை அதிகாரியின் வேட்டை நூலுக்குச் சாமுவேல் ஹோவிட் வரைந்த படங்களைக் கொண்டு, ஏறத்தாழ 1815 முதல் இந்திய வேட்டைத் தொடரை அது வெளியிட்டது. அதன் பெரிய தட்டில் கரடி கொல்லப்படும் காட்சி. ஹோவிட் இந்தியாவை எட்டிப்பார்த்தவரே அல்லர். மலைக்காட்டுக் கரடியை நேரில் அறிந்த பாச்சலூர்க்காரர் ஒருவர் அத்தட்டைப் பார்த்தால் அதன் உடற்கூற்றைப் பற்றிச் சில கேள்விகள் எழுப்பக்கூடும்.

பிரிட்டனின் 1842ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இந்தப் போக்கை மாற்றியது. பிறர் படங்களை எடுத்தாளுவது சிக்கலானதால், ஆலைகள் எந்த ஊரையும் சேராத கற்பனைக் காட்சிகளுக்குத் திரும்பின: ஏரி, மாடம், ஓடம், அணைத்து நிற்கும் இருவர். வில்லோ என்று உலகம் அறிந்த சீனப் பாணிச் சித்திரம் அதற்கு முன்பே, 1790-களில், இங்கிலாந்தில் சீனச் சரக்குகளைப் பார்த்து உருவாக்கப்பட்டது. அதற்கு விளக்கமாகச் சொல்லப்படும் காதலர் கதையும் ஆங்கிலேயர் புனைந்ததுதான். இன்று சந்தைக்கு வரும் வில்லோ தட்டுகளில் 20ஆம் நூற்றாண்டு ஜப்பானியச் சரக்கும் ஏராளம் என்பதால், சித்திரத்தை மட்டும் நம்பிக் காலம் சொல்லவே கூடாது.

இம்மலைகளில் கிடைக்கும் ஒரு தட்டின் வரலாற்றை மதிப்பிட, மலையின் சொந்தக் காலவரிசையும் துணைசெய்கிறது. லெப்டினன்ட் வார்ட் 1821இல் பழனி மலையை அளவிட்டார்; அமெரிக்க மதுரை மிஷன் 1845இல்தான் கொடைக்கானலில் முதல் இரு பங்களாக்களைக் கட்டியது. சமவெளியிலுள்ள அம்மையநாயக்கனூருக்கு 1875இல் இரயில் வந்த பிறகும், அங்கிருந்து மாட்டு வண்டி, பின் மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடிப் பாதை. பீங்கான் முதல் பியானோ வரை அனைத்தும் ஆள் சுமையாகவே ஏறின. கீழ்ப் பழனியின் காபித் தோட்டங்களுக்கும் பொதிமாடும் தலைச்சுமையுமே வழி. எனவே 1815ஆம் ஆண்டுத் தட்டு ஒன்று இங்கே கிடைத்தால், அது செய்யப்பட்டவுடன் வந்ததன்று, குறைந்தது ஒரு தலைமுறை வேறெங்கோ புழங்கியபின் குடும்பச் சொத்தாகவோ ஏலச் சரக்காகவோ மலையேறியது என்று கொள்ள வேண்டும். செப்புக் கம்பியால் தைத்து ஒட்டவைத்த தட்டுகள் அந்தக் காலத்தின் அருமையை உணர்த்துபவை. பின்புறத்தில் வைரமுனைத் துரப்பணத்தால் பாதி ஆழம் துளையிட்டு, கம்பியைச் சூடாக்கி மாட்டினால், அது குளிர்ந்து சுருங்கும்போது உடைந்த இரு பகுதிகளையும் இறுக இழுத்துப் பிடிக்கும். பசை எதுவும் வேண்டியதில்லை. இப்படித் தைத்த தட்டைச் சந்தை குறைவாக மதிப்பது சரியன்று.

மலையிலிருந்து இறங்கிச் சேகரிப்புக்குச் சரக்குத் தேடுவோர் பெரும்பாலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கே போய்ச் சேர்கிறார்கள். அங்கே ஒரு நுணுக்கத்தை நினைவில் வைக்க வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் சமூகத்தாரின் வீட்டுப் பீங்கான், இங்கிலாந்திலிருந்து நேரே வந்ததாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கிளாஸ்கோ நகரின் பெல் ஆலை தென்கிழக்காசியச் சந்தைக்கென்றே சித்திரங்கள் அமைத்து, அரபு எழுத்தில் மலாய்ப் பெயர்களையும் முத்திரையில் சேர்த்தது. நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் ஆலைகளும் அதே சந்தைக்கு அனுப்பின. ‘இங்கிலீஷ் பீங்கான்’ என்று விலை சொல்லப்படும் நீலத் தட்டு, கவிழ்த்துப் பார்த்தால் ஸ்காட்லாந்தையோ டச்சு நாட்டையோ காட்டக்கூடும். அதனால் அதன் மதிப்பு குறைவதில்லை. வங்கக் கடலின் இருபுறமும் நடந்த வணிகத்தின் சாட்சி என்ற வகையில் தமிழ்நாட்டுச் சேகரிப்புக்கு அதுவே கூடுதல் பொருத்தமுடையது.

வாங்கிய தட்டைக் காப்பதும் ஓர் அறிவியலே. மெருகில் வலை போல விழும் நுண்விரிசல், மண்ணும் மெருகும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது. சூளையிலிருந்து வந்து குளிரும்போதே மெருகு மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் அது இழுபட்டு வெடிக்கும். அப்போது தப்பினாலும், நுண்துளை மண் பல ஆண்டுகள் காற்றின் ஈரத்தை வேதியியல் முறையில் உள்வாங்கி மிக மெல்லப் பருக்கும்போது மெருகு தாங்காமல் விரிசல் விடும். மாதக்கணக்கில் மேகம் வீட்டுக்குள் நுழையும் மலையில் இதைத் தவிர்ப்பது எளிதன்று. விரிசல் வழியே தேநீரும் எண்ணெயும் மண்ணுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகின்றன. கறையைப் போக்க வீட்டுச் சலவைத் திரவமான குளோரின் ப்ளீச்சில் ஊறவைப்பது பெருந்தவறு. உள்ளே தங்கும் உப்பு உலரும்போது படிகமாகி மெருகைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். காய்ச்சி வடித்த நீரில் பல நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, நிழலில் மெல்ல உலர்த்துவதே பாதுகாப்பானது.

அத்தட்டில் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு, நம் சமையலைக் கருதிச் சற்றுக் கண்டிப்பாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய மெருகு ஈயத்தால் ஆனது. நன்கு சுட்ட மெருகில் ஈயம் கண்ணாடி வலைப்பின்னலில் சிறைப்பட்டிருந்தாலும், அமிலம் அதைக் கரைத்து வெளிக்கொணரும். விரிசல் விட்ட, தேய்ந்த பரப்பில் அது இன்னும் எளிது. ஆங்கிலேயர் அதில் வைத்துண்ட வாட்டிய இறைச்சியையும் வேகவைத்த உருளைக்கிழங்கையும்விட, நம் புளிக்குழம்பும் எலுமிச்சைச் சோறும் ஊறுகாயும் தயிரும் அமிலம் மிகுந்தவை. ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என ஒன்று கண்டறியப்படவில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது குறிப்பாகத் தாக்கும். மெருகுத் தொட்டியில் கை நனைத்து வேலைசெய்த ஸ்டாஃபோர்ட்ஷயர் தொழிலாளர் ஈய நச்சாலும், சிக்கிமுக்கிக் கல் தூசியை மூச்சிழுத்தவர்கள் நுரையீரல் நோயாலும் மடிந்தனர். அந்தத் தட்டின் விலையில் ஒரு பகுதியை அவர்கள் அப்படித்தான் செலுத்தினார்கள். ஆகவே பழந்தட்டுக்கு அலமாரியே இடம்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருளும் கைவினைப்பொருளும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடியவை. அத்தகையவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. இங்கிலாந்தில் பிறந்த தட்டானாலும், அது செய்யப்பட்டு நூறாண்டு நிறைந்துவிட்டால் இங்கிலாந்திலுள்ள உறவினருக்கு அஞ்சலில் அனுப்புமுன் இச்சட்டத்தை எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர்க்கு முழுத் தட்டைவிட உடைந்த சில்லு சிறந்த ஆசான். முழுத் தட்டு தன் உடலை மெருகால் மூடி வைத்திருக்கிறது. சில்லின் வெட்டுமுகத்தைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் மண்ணின் நுண்துளையும், அதன்மேல் ஒட்டிய கோபால்ட் கோடும், கோட்டின்மேல் படிந்த மெருகின் தடிமனும் மூன்று அடுக்குகளாகத் தெரியும். தோட்டங்களில் மழைக்குப்பின் மண் அரித்து வெளிவரும் இத்தகைய நீலச் சில்லுகளைக் குப்பையென்று ஒதுக்காமல், கிடைத்த இடம், ஆழம், உடன் கிடந்த பொருள்கள் ஆகியவற்றை எழுதி, தனித்தனி உறையில் இட்டு வைத்தால், பாச்சலூர் முதல் கொடைக்கானல் வரை எந்தப் பங்களாவில் எந்தப் பத்தாண்டில் ஆட்கள் குடியிருந்தார்கள் என்பதை ஆவணம் இல்லாத இடங்களிலும் கணிக்க முடியும். ஆனால் கற்திட்டைகளை ஒட்டிய நிலத்தில் இதற்காக மண்ணைக் கிளறக் கூடாது. அங்கே தோண்ட இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். மேற்பரப்பில் தானாகக் கிடைப்பதைக்கூட இடத்திலேயே படம் எடுத்து, மாவட்டத் தொல்லியல் அலுவலர்க்குத் தெரிவிப்பதே முறை.